பி.யூ. மூன்று மாதம்

என்னைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மறக்கிற ஆள் இல்லை. யாராவது என்னிடம் "உதெல்லாம் பழங்கதை, விடுங்கோ" என்றால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். விடுவதா பிடிப்பதா என்பது என் விருப்பம்.

இங்கிலீசில் 'பிறிங் அப்' என்று ஒரு சொல் இருக்கிறது. இரண்டு சின்னச் சொற்களைச் சேர்த்துக் கட்டியது. பிள்ளையை வளர்ப்பதற்கும் அதுதான். பேசாமல் கிடந்த விஷயத்தைக் கதையில் எடுப்பதற்கும் அதுதான். ஒருவனைக் கோட்டில் நீதவான் முன் கொண்டுவந்து நிறுத்துவதற்கும், தின்றதை வாந்தி எடுப்பதற்கும் அதேதான். வெள்ளைக்காரனுக்குச் சொல் பஞ்சமோ என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். இந்தச் சொல்லின் ஒவ்வொரு கருத்தையும் நான் எப்படிப் படித்தேன், படித்ததை வைத்து என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். வாசித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதினான்கு வயது. எங்கள் வீடு யாழ்ப்பாணம் குருநகரில், கடற்கரையிலிருந்து நாலாவது ஒழுங்கையில். அப்பு களப்புக் கடலில் வலை போடுகிறவர். ஐம்பத்தாறில் வந்த தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு இனி இங்கிலீசு எதற்கு என்று ஊரில் பலர் சொன்னார்கள். அப்பு கேட்கவில்லை. அரசாங்கக் கந்தோரில் பைல் எல்லாம் இன்னும் இங்கிலீசில்தான் கிடக்கிறது, என் மகள் கந்தோரில் கதிரையில் இருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். டவுனில் ஒரு மாஸ்டர் சனிக்கிழமைகளில் தன் வீட்டு விறாந்தையில் இங்கிலீசு வகுப்பு வைத்தார். பெயர்பெற்ற வாத்தியார். அப்பு போய்க் கைகட்டி நின்று கேட்டு என்னை அங்கே சேர்த்துவிட்டார்.

நாற்பது பிள்ளைகள், இருக்க ஐந்து நீள வாங்குகள். கிழமைக்கு ஒரு சொல். மாஸ்டர் கரும்பலகையில் சொல்லை எழுதுவார், கருத்துகளை ஒன்று இரண்டு என்று இலக்கமிட்டுச் சொல்வார், ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு வசனம் தானே உண்டாக்கித் தருவார். அதைக் கொப்பியில் எழுதி, மனப்பாடம் செய்து, அடுத்த சனி எழும்பி நின்று ஒப்புவிக்க வேண்டும். அந்த முறையைக் குறை சொல்லமாட்டேன். என் இங்கிலீசு அங்கேதான் வந்தது. நன்மை செய்தவன் என்பதற்காகத் தீமையைத் தள்ளுபடி செய்யவும் மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பஸ் வரவில்லை. அப்பு சந்தைக்கு மீன் கொண்டுபோகிற சைக்கிளில் என்னை ஏற்றினார். பின் கரியரில் நான், என் மடியில் மீன் கடகம். கடகத்தின் ஓலை இடுக்கால் மீன் தண்ணி வடிந்து என் சட்டை முழுக்க ஊறிவிட்டது. வீட்டுக்குத் திரும்பலாம் என்றேன். "ஒரு நாள் படிப்புப் போனால் போனதுதான் மோனை" என்று அப்பு என்னை வகுப்பில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனார். நான் கடைசி வாங்கின் ஓரத்தில் ஒதுங்கி இருந்தேன்.

அன்றைய சொல் பிறிங் அப். முதல் கருத்துக்கு, ஒரு தாய் தன் பிள்ளைகளை நல்லபடி வளர்த்தாள் என்று ஒரு வசனம். இரண்டாவதுக்கு, கூட்டத்தில் ஒருவர் ரோட்டுப் பிரச்சினையை எடுத்தார் என்று ஒன்று. அப்படியே வாங்குகளுக்கு இடையில் நடந்துகொண்டு வந்த மாஸ்டர் என்னிடம் வந்ததும் நின்றார். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினார். பொத்தியபடியே மூன்றாவது கருத்துக்கு வசனம் சொன்னார். 'இந்தப் பிள்ளையின் நாற்றம் என் காலைச் சாப்பாட்டை வெளியே கொண்டுவரப் பண்ணுகிறது' என்பதுதான் அந்த வசனத்தின் தமிழ். வகுப்பு சிரித்தது. "சிரிக்காதையுங்கோ, எழுதுங்கோ" என்றார். நாற்பது பேரும் எழுதினார்கள். நானும் எழுதினேன், என் கையாலேயே, ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல்.

தலையை நிமிர்த்தினால் படலைக்கு வெளியே அப்பு சைக்கிளோடு நிற்கிறார். சந்தை முடித்து என்னை ஏற்றிப்போக வந்திருக்கிறார். பிள்ளைகள் எல்லோரும் என் பக்கம் திரும்பிச் சிரித்ததைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

போகும் வழியில் கேட்டார். "மாஸ்டர் உன்னைக் காட்டி என்னவோ சொன்னவர். என்னவாம்?"

"நான் நல்லாய்ப் படிக்கிறனாம் அப்பு."

"ஓம், சொல்லுவர்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அப்பு மாஸ்டர் வீட்டுக்கு மீன் கொடுக்கத் தொடங்கினார். சும்மா மீன் இல்லை. பாரை, விளைமீன், சில நாள் நண்டு. எங்கள் வீட்டுச் சட்டிக்கு வராத மீன். மாஸ்டர் படலைக்கே வந்து இரண்டு கையாலும் வாங்குவார். அப்போது லேஞ்சி பைக்குள்ளேயே கிடக்கும். நான் விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். என் நாற்றம் மட்டும்தான் குமட்டியது, மீன் இனித்தது. அடேயப்பா, அந்த ஒரு வருஷம் நான் பல்லைக் கடித்த கடியில் பல் இருந்ததே பெரிய விஷயம்.

ஆனால் வகுப்பை நான் விடவில்லை. விட்டால் அவர் வென்றவர் ஆகிவிடுவார். பங்குச் சுவாமியாரிடம் பெரிய அகராதியை இரவல் வாங்கி, அந்தச் சொல்லுக்கு மாஸ்டர் சொல்லாத கருத்துகளையும் தேடி எழுதினேன். ஓடுகிறவனைச் சட்டென்று நிற்கப்பண்ணுவதற்கும் அது உண்டு. ஊர்வலத்தில் கடைசியாக வருவதற்கும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நானும் வசனம் எழுதினேன். எல்லா வசனத்திலும் ஒரு வாத்தியார் இருந்தார், எல்லாவற்றிலும் அவருக்கு ஏதாவது நடந்தது. அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

சோதனை பாஸ் பண்ணினேன். கந்தோர் வேலையும் கிடைத்தது. முதல் நாள் அப்பு கந்தோர் வாசல் வரை வந்து, உள்ளே எட்டிப்பார்த்து, "உதோ உன்ரை கதிரை?" என்று கேட்டுவிட்டுப் போனார். கலியாணம் முடிந்து, என் பெயரோடு கணவர் பெயர் சேர்ந்து, இரண்டு பிள்ளைகளும் பிறந்த பிறகு, எழுபதுகளின் நடுவில், ஆசிரியர் இடமாற்றப் பைல்கள் என் பொறுப்புக்கு வந்தன.

இங்கே கந்தோர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு பைலுக்கு உடனே முடிவு சொல்ல முடியாவிட்டால், யாரிடமாவது ஒரு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுவோம். பிறகு பைலின் குறிப்புத் தாளில் 'பி.யூ.' என்று இரண்டு எழுத்துப் போட்டு ஒரு திகதியும் போடுவோம். பிறிங் அப் என்பதன் சுருக்கம்தான். அந்தத் திகதியில் இதைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவா என்று கருத்து. அதை டயறியிலும் பதிந்துவிட்டுப் பைலை றாக்கையில் வைத்துவிடுவோம். அந்த நாள் வரும்வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். இரண்டு கிழமை போடுவதா மூன்று மாதம் போடுவதா என்பது கிளாக்கரின் கையில். கேட்க ஆள் இல்லை.

ஒருநாள் காலை வந்த பைல்களில் ஒன்றைத் திறந்தேன். மலைநாட்டில் ஒரு தோட்டப் பக்கத்துப் பாடசாலையில் படிப்பிக்கும் இளம் ஆசிரியை யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டிருந்தார். கைக்குழந்தை, பெண். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, பார்க்க ஆளும் இல்லை, கணவனுக்குக் கொழும்பில் வேலை. குழந்தையை எட்டு மாதத்திலேயே தன் தாய் தகப்பனிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தகப்பன் பெயரையும் விலாசத்தையும் வாசித்தேன். விறாந்தையில் ஐந்து வாங்கு போட்ட அதே விலாசம்.

சந்தோஷமாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். பேனையை எடுத்தேன். அவருடைய இடத்துக்குப் பதில் ஆசிரியர் உண்டா என்று அந்தப் பாடசாலை அதிபருக்கு ஒரு கடிதம். கீழே பி.யூ., மூன்று மாதம்.

அதிபரின் பதில் மூன்று கிழமையில் வந்துவிட்டது. வாங்கி ஒரு பக்கமாக வைத்தேன். மூன்று மாதம் முடிந்ததும் குழந்தையின் வைத்தியச் சான்றிதழ் கேட்டேன், பி.யூ. மூன்று மாதம். அதற்குப் பிறகு கணவன் வேலை செய்யும் இடத்தின் கடிதம், பி.யூ. மூன்று மாதம். ஒரு பொய்யும் எழுதவில்லை. கேட்டதெல்லாம் கேட்கக்கூடியதுதான். எந்தக் கொம்பனும் வந்து அந்தப் பைலைப் புரட்டி என்னில் ஒரு குறை பிடித்திருக்க முடியாது.

ஒரு வருஷத்தின் பின் மாஸ்டர் நேரில் வந்தார். ஓய்வுபெற்று, தலை நரைத்து, குடை ஒன்றை ஊன்றிக்கொண்டு வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்று இங்கிலீசில், மகளின் விஷயம் மேலே எடுக்கப்பட்டதா என்று கேட்டார். அதே சொல்லைத்தான் பாவித்தார். நானும் இங்கிலீசிலேயே, உரிய திகதியில் எடுக்கப்படும் என்று பதில் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நல்ல இங்கிலீசு. ஆரிட்டைப் படிச்சனீங்கள் பிள்ளை?"

"டவுனிலை ஒரு மாஸ்டரிட்டை."

"ஆர் அவர்? எனக்குத் தெரியாத ஆள் இருக்காது."

"அவர் செத்துப்போனார்" என்றேன்.

"அடடா" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். அன்று மத்தியானம் நான் சாப்பிட்ட சோற்றின் ருசியை இன்றும் சொல்லுவேன். ஒரு சம்பலும் சொதியும்தான், அமிர்தமாக இறங்கியது.

அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தார். நான் கதிரை கொடுக்கமாட்டேன். "வேற அலுவல் இல்லையோ உங்களுக்கு" என்று கேட்டும் இருக்கிறேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போவார்.

இரண்டாவது வருஷம் முடிந்து ஒரு நாள் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். மனைவிக்குக் காய்ச்சல், விட்டுவர ஆள் இல்லை. மூன்று வயது இருக்கும். இரட்டைப் பின்னல், புதுச் சட்டை. பஸ்ஸில் அழாமல் வரட்டும் என்று "அம்மாவைக் கூட்டியரப் போறம்" என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார் போல. தாய் கடைசி விடுமுறைக்கு வரவில்லை, மலையில் மழை, பாதை இல்லை. அந்தப் பிள்ளை கந்தோரைச் சுற்றிப் பார்த்தது, சேலை கட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தது. பிறகு மாஸ்டரின் கையை இழுத்துக் கேட்டது.

"தாத்தா, இவவோ அம்மா?"

எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைகளை எல்லோரும் பகிடி பண்ணுவார்கள். நான்தான் உன்ரை அம்மா, என்னோடை வாறியோ என்று கேட்டுச் சிணுங்கவைத்துச் சிரிப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் பிள்ளையைப் பார்த்துச் செய்யவில்லை. மாஸ்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு செய்தேன்.

"ஓம், நான்தான் அம்மா. வாறியோ?"

பிள்ளை சிணுங்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாஸ்டரின் வாய் கோணியது. அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பி, பையில் இருந்து லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அந்த லேஞ்சியைக் கண்டதும் எனக்கு விறாந்தைதான் ஞாபகம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. மேசை லாச்சியைத் திறந்து பிள்ளைக்கு ஒரு ரொபி இனிப்புக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு பைலை எடுத்துப் பி.யூ. மூன்று மாதம் என்று மறுபடி எழுதினேன். எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் என் பிள்ளைகள் இரண்டையும் குளிக்கவார்த்தேன்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், நான் வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அப்பு முன்னால் வந்து இருந்தார். அப்போதும் எங்களோடுதான் இருந்தார், கடலுக்கும் போய்வந்தார்.

"சந்தையிலை அந்த மாஸ்டரைக் கண்டனான். என்னை அடையாளம் மட்டுக்கட்டிக் கதைச்சார். மகளுக்கு மாற்றம் கிடைக்கேல்லையாம், இரண்டு வருஷத்துக்கு மேலையாம். எந்தக் கந்தோர், எந்தப் பகுதி எண்டு கேட்டன். உன்ரை மேசை."

நான் கோப்பையை வைத்தேன்.

"நீயோ வைச்சிருக்கிறாய்?"

"ஓம், நான்தான்" என்றேன். பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. பதினைந்து வருஷமாக அடக்கிவைத்தது எல்லாம் வெளியே வந்தது. மாஸ்டர் என்னைப் புகழவில்லை, நான் பொய் சொன்னேன், அவர் சொன்னது இதுதான் என்று அந்த வசனத்தைத் தமிழில் சொன்னேன். நாற்பது பேரும் அதை எழுதினார்கள், நானும் எழுதினேன் என்றேன். "நீங்கள் அவருக்கு மீன் கொண்டுபோய்க் குடுத்தனீங்கள் அப்பு. ஒவ்வொரு சனியும் குடுத்தனீங்கள். நான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

அப்பு துவாயால் கழுத்தைத் துடைத்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "மூக்கைப் பொத்தினதைப் பாத்தனான். அதுக்கு இங்கிலீசு தெரியவேணுமோ?"

"தெரிஞ்சுமோ மீன் குடுத்தனீங்கள்?"

"தெரிஞ்சபடியால்தான் குடுத்தனான். பழுதானதைக் குடுத்தால் எறிஞ்சுபோடுவான். நல்லதாய்ப் பாத்துக் குடுத்தால் தின்னுவான். எங்கடை கையை நாறுது எண்டவன், அதே கையிலை இருந்து வாங்கித் தின்னவேணும். ஒவ்வொரு சனியும் அவன் ரெண்டு கையையும் நீட்டுறதைப் பாத்திட்டு வந்துதான் நான் நிம்மதியாய்ப் படுத்தனான்."

இத்தனை வருஷமாக அந்த மனிதரை நான் ஒன்றும் தெரியாத அப்பாவி என்று நினைத்திருந்தேன். என் கோபம் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் விளங்கியது.

"அது எனக்கும் அவனுக்கும். அவன் வாயாலை சொன்னான், அவன் வாய்க்குள்ளை போட்டன்" என்றார். "நீ ஆரோடை சண்டைக்குக் கொழுவினனீ? அந்தப் பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"மூண்டு."

"பைல் எவ்வளவு காலமாய் உன்னட்டை?"

அவர் எழும்பிப் போனார். அன்று இரவு நான் போட்ட சோற்றை அவர் தொடவில்லை. அடுத்த நாள் காலையும் என் கையால் தேத்தண்ணி வாங்காமல் கடலுக்குப் போனார்.

கந்தோருக்குப் போனதும் முதல் வேலையாகப் பைலை றாக்கையிலிருந்து எடுத்தேன். தேவையான கடிதம் எல்லாம் அதற்குள்ளேயே கிடந்தது, ஒரு வருஷத்துக்கு மேலாகவே கிடந்தது. அரைப் பக்கக் குறிப்பு எழுதி அதிகாரியின் மேசைக்கு நானே கொண்டுபோனேன். அவர் வாசித்துவிட்டு, "இது ஏன் இவ்வளவு நாள் இழுபட்டது?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முழு அலுவலும் கால் மணித்தியாலம்.

மாஸ்டருக்காக நான் வருந்தினேன் என்று நினைக்கவேண்டாம். இன்றைக்கும் அவர் பெயரைக் கேட்டால் எனக்கு அந்த விறாந்தை நாற்றம்தான் வரும். குடையை ஊன்றிக்கொண்டு அவர் ஏறி இறங்கிய படிகளுக்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அதை இங்கேயே எழுதிவைக்கிறேன்.

இரண்டு மாதத்தின் பின் ஒரு திங்கட்கிழமை அவர்கள் மூவரும் என் மேசைக்கு வந்தார்கள். மாஸ்டர், மகள், பேத்தி. அந்தப் பெண்ணை நான் அன்றுதான் முதல் தடவை கண்டேன். என்னைவிட நாலைந்து வயது குறைவு. மெலிந்து, மலைக்குளிரில் உதடு வெடித்திருந்தது. நான் வகுப்புக்குப் போன காலத்தில் அந்த வீட்டுக்குள் ஓடித்திரிந்த சின்னப்பிள்ளை அவளாகத்தான் இருக்கவேண்டும். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, அந்த வசனத்தை எழுதவும் இல்லை.

"மிஸ், நீங்கள்தான் மேலை எடுத்துக் குடுத்தனீங்கள் எண்டு அப்பா சொன்னவர்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைக்கப்போனாள். பிள்ளை நெளிந்து நழுவி இறங்கியது. ஓடிவந்து மேசையைச் சுற்றி, போன தடவை நின்ற அதே இடத்தில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அவ மாமி" என்று தாயைக் காட்டிச் சொல்லிவிட்டு என்னைத் தொட்டது. "இதுதான் அம்மா."

மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார். "அண்டைக்கு மிஸ் பகிடிக்குச் சொன்னவ" என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. பிள்ளையைத் தூக்க நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கொஞ்சம் பொறுத்து அதை மடக்கித் தன் பைக்குள் விட்டு ஒரு பொதியை எடுத்தாள்.

"தோட்டத்துத் தேயிலை, மிஸ். அங்கை நல்லது கிடைக்கும். உங்கடை வீட்டுக்கு எண்டு கொண்டந்தனான்."

அந்த மேசையில் இருந்துகொண்டு அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. எழும்பி நின்று, இரண்டு கையாலும் வாங்கினேன்.